டால்பின் பேச்சை ஆராய ஆசையா? பினாங்கிலிருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டால்பின் என்ன பேசுகிறது என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த டால்பின்? மடக்குவதற்காகக் கேட்பதில்லை, இந்தத் துறையின் பாதி உழைப்பு அந்த ஒரு கேள்விக்குள்தான் போகிறது. மனிதர் பேசினால் வாய் அசையும், சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதும் சொல்லிவிடும். டால்பினுக்குப் பேச வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. தலைக்கு மேலிருக்கும் மூச்சுத் துளைக்குக் கீழே, மூக்குப் பாதையில் உதடு மாதிரி சில மடிப்புகள் இருக்கின்றன, அவற்றை அதிரவைத்துத்தான் சத்தம் எழுப்புகிறது. அதோடு தண்ணீருக்குள் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் 340 மீட்டர்தான். அந்த வேகத்தில் நம் இரண்டு காதுகளுக்கும் ஒலி கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிடுவதால் திசையே பிடிபடாது. பத்து டால்பின்களுக்கு நடுவில் மிதந்தாலும் பேசியது யார் என்று தெரியாது.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் பிள்ளைகள், கடல்மேல் ஆசை இருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாத பெரியவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெலுக் பஹாங் பக்கத்துப் படகுகளில் நிறைய வார இறுதிகளைக் கழித்தவன் நான். அங்கே கற்றதையும், உலகத்தில் ஆய்வாளர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கடலுக்குப் போகாதீர்கள், முதலில் வீட்டில் உட்காருங்கள்

முதல் ஒரு மாதம் படகும் வேண்டாம், கருவியும் வேண்டாம். ஒரு மடிக்கணினியும் சுமாரான ஹெட்ஃபோனும் போதும். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனம், வில்லியம் வாட்கின்ஸ் என்ற ஆய்வாளரின் பெயரில், கடல் பாலூட்டிகளின் ஒலித் தொகுப்பு ஒன்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் டால்பின் பதிவுகளாகப் பார்த்துப் பத்துப் பதினைந்தை இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஆடாசிட்டி என்ற மென்பொருளை நிறுவுங்கள், அதுவும் இலவசம்.

ஒலியைத் திறந்ததும் முதலில் தெரிவது மேலும் கீழும் குதிக்கும் அலை. அது இப்போதைக்கு உதவாது, ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், சத்தம் எங்கே பலமாக இருக்கிறதோ அங்கே நிறம் பிரகாசம். இந்தப் படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தத் துறையின் அரிச்சுவடி.

மூன்று வகையான சத்தங்களைப் பார்ப்பீர்கள். சீழ்க்கை, அதாவது விசில், ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். மேலே ஏறும், வளையும், இறங்கும், மறுபடி ஏறும், கோலத்தில் ஒற்றை இழையைக் கை எடுக்காமல் இழுத்தது மாதிரி. கிளிக் என்பது நேர்க்குத்தாக நிற்கும் குச்சி. எதிரொலியைக் கேட்டு மீனும் பாறையும் எங்கே இருக்கின்றன என்று அறிவதற்கு டால்பின் கிளிக்குகளை வரிசையாக அனுப்புகிறது. 1960-களின் தொடக்கத்தில் கென்னத் நோரிஸ் என்ற ஆய்வாளர் ஒரு டால்பினின் கண்களை ரப்பர் மூடியால் மறைத்துவிட்டுப் பார்த்தார், அது தடைகளில் மோதாமல் நீந்தியது. மூன்றாவது வகை, கிளிக்குகள் மிக நெருக்கமாக அடுக்கி வருவதால் நம் காதுக்குக் கதவுக் கீல் கிரீச்சிடுவது போலவோ கரகரவென்று உறுமுவது போலவோ கேட்கும் துடிப்புச் சத்தம். சண்டை, விரட்டல், நெருக்கமான உரசல் போன்ற நேரங்களில் இது அதிகம் வருகிறது. புதியவர்கள் எல்லாரும் சீழ்க்கையிலேயே மயங்கிவிடுகிறார்கள், காரணம் அது காதுக்கு இனிமை. துடிப்புச் சத்தங்களைப் பற்றி இன்னும் ஆராயப்பட வேண்டியது எவ்வளவோ இருக்கிறது, அதை ஒதுக்காதீர்கள்.

மென்பொருள் அமைப்பில் ஒன்றை மட்டும் இப்போதே புரிந்துகொள்ளுங்கள். நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியை அளந்த அளவீடுகள்) எடுத்த பதிவில் ஜன்னல் அளவை, அதாவது ஒரு துண்டுக்கு எத்தனை மாதிரி என்பதை, 1024 என்று வைத்தால், படத்தின் ஒவ்வொரு துண்டும் சுமார் 21 மில்லி நொடி நீளம். சீழ்க்கைக் கோடு இதில் தெளிவாகத் தெரியும், கிளிக் பரவிப் போய்விடும். ஜன்னலை 128 ஆகக் குறைத்தால் கிளிக்குகள் தனித்தனியாக நிற்கும், சீழ்க்கைக் கோடு தடித்துக் குழம்பிவிடும். இரண்டையும் ஒரே படத்தில் கூர்மையாகப் பார்க்க முடியாது, அது ஒலியின் இயல்பு. ஒரே பதிவை இரண்டு அமைப்பிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள், அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

நம் கடலில் யார் இருக்கிறார்கள்

புத்தகத்திலும் ஆய்விலும் அதிகம் பேசப்படுவது பாட்டில்மூக்கு டால்பின். நம் தீபகற்பத்தின் மேற்குக் கரையோரத்தில் நீங்கள் பார்க்க அதிக வாய்ப்புள்ளவை வேறு. கூன்முதுகு டால்பின் குட்டியாக இருக்கும்போது கருஞ்சாம்பல், வயது ஏற ஏற வெளுத்து இளஞ்சிவப்பாகிவிடும். ஐராவதி டால்பினுக்கு நீண்ட மூக்கு கிடையாது, உருண்டைத் தலை, சின்ன முதுகுத் துடுப்பு. துடுப்பில்லாக் கடற்பன்றி என்று ஒன்றும் உண்டு, பெயருக்கேற்ப முதுகில் துடுப்பே இருக்காது, மேலே வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. பேராக்கில் கோலா செபத்தாங்கை ஒட்டிய மாத்தாங் சதுப்புநிலக் கழிமுகங்கள் இவற்றைப் பார்க்க நல்ல இடம், பினாங்கிலிருந்து காரிலேயே போய் வந்துவிடலாம்.

மலேசியாவில் இந்த உயிர்களை முறையாக ஆராயும் அமைப்பு மாரேசெட். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டாக்டர் லூயிசா பொன்னம்பலம். லங்காவியிலும் மாத்தாங்கிலும் அவர்கள் செய்த வேலையைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு அப்புறம் அடுத்த படிக்கு வாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான், வெளிநாட்டுப் பெயர்கள் எல்லாம் பிறகு.

கருவி: எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்

தண்ணீருக்குள் கேட்கும் ஒலிவாங்கியை ஹைட்ரோஃபோன் என்கிறோம். உள்ளே ஒரு பீங்கான் துண்டு இருக்கும், ஒலி அழுத்தும்போது அதில் மின்சாரம் பிறக்கும், அவ்வளவுதான் தத்துவம். பழகுவதற்கு விலை குறைந்த ஒன்று போதும். ஆனால் அது எந்த அதிர்வெண் வரை கேட்கும், ரெக்கார்டர் நொடிக்கு எத்தனை மாதிரி எடுக்கும் என்ற இரண்டையும் பார்த்து வாங்குங்கள். மாதிரி வீதத்தில் பாதி வரைதான் பதிவாகும். கைப்பேசியின் 48,000 என்றால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை, மனிதக் காதுக்கு 20 வரைதான் என்பதால் பாட்டுப் பதிவுக்கு அது தாராளம். டால்பினின் சீழ்க்கைகளில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும், கிளிக்குகளோ 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டிப் போகின்றன. கடற்பன்றி சீழ்க்கையே அடிக்காது. அதன் கிளிக்குகள் 120-க்கும் மேலே, மனிதர் யாருக்கும் கேட்காத உயரத்தில் இருக்கின்றன. ஆகவே சாதாரண ரெக்கார்டரோடு போய்விட்டு ‘கடற்பன்றி வந்தது, சத்தமே போடவில்லை’ என்று குறிப்பில் எழுதாதீர்கள். உங்கள் கருவிக்குக் கேட்கவில்லை என்று எழுதுங்கள். இந்த வேறுபாடு ஆய்வில் உயிர்போகிற விஷயம்.

முதல்முறை ஹைட்ரோஃபோனை இறக்கிக் காதில் மாட்டும்போது கருவி பழுது என்றே நினைப்பீர்கள். எண்ணெய் காய்ந்த சட்டியில் கடுகைப் போட்டது மாதிரி விடாமல் படபடவென்று பொரியும். அது பழுது இல்லை, சொடுக்கு இறால். விரல் நீளம்கூட இல்லாத இறால், ஒரு கொடுக்கைப் படாரென்று மூடும்போது தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிறது, அந்தச் சத்தம்தான் நமக்குக் கேட்கிறது. வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல் எங்கும் இது இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தப் பொரியலுக்கு நடுவில் டால்பினின் கிளிக்கைப் பிரித்தெடுக்கக் கண்ணும் காதும் பழக வேண்டும். டால்பின் கிளிக்குகள் வரிசையாக, ஒழுங்கான இடைவெளியில் வரும், இடைவெளி மெல்லச் சுருங்கும் அல்லது விரியும். இறாலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

இன்னும் சில சின்ன விஷயங்கள். ரெக்கார்டரில் ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். எம்.பி.3 வேண்டாம், வேவ் கோப்பாகவே சேமியுங்கள். கேபிளை நேராகப் படகில் கட்டாமல் நடுவே ஒரு ரப்பர் கயிறு வைத்துக் கட்டினால் படகு ஆடுகிற ஆட்டம் பதிவில் இடிக்காது.

படகில்: பதிவைவிடக் குறிப்பு முக்கியம்

முதல் வருடம் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு காலைப்பொழுது முழுக்கக் கூன்முதுகு டால்பின்கள் ஏழெட்டு எங்கள் படகுக்கு அக்கம்பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன. தெளிவான சீழ்க்கைகள் கிடைத்தன, நண்பர் கேமராவில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கேமராக் கடிகாரத்துக்கும் ரெக்கார்டர் கடிகாரத்துக்கும் சில நிமிட வித்தியாசம், எவ்வளவு என்று கணக்கிட வழியே இல்லை. எந்தச் சீழ்க்கையின்போது எந்த டால்பின் மேலே வந்தது, எது மீனைத் துரத்தியது, எதையும் பொருத்த முடியவில்லை. அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது, கேட்க அழகாக இருக்கும், ஆய்வுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

அதனால் புறப்பட்டதும் முதல் வேலை இது. ரெக்கார்டர் ஓடும்போது கைப்பேசியின் நேரத்தைச் சத்தமாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், அதே நொடியில் கைப்பேசித் திரையைக் கேமராவால் படம் எடுங்கள். திரும்பும்போதும் ஒருமுறை. பத்து நொடி வேலை.

குறிப்பேட்டில் கோடு போட்டு நேரம், இடம், எத்தனை, குட்டி உண்டா, என்ன செய்கின்றன, படகுகள் எவ்வளவு தூரத்தில் என்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒன்றுமே நடக்காவிட்டாலும், ஒரு வரி எழுத வேண்டும். ‘விளையாடுகின்றன’, ‘சந்தோஷமாக இருக்கின்றன’ என்றெல்லாம் எழுதாமல் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: இரண்டு ஒட்டி நீந்தின, ஒன்று வாலால் தண்ணீரை மூன்று தடவை அடித்தது, அடித்ததும் மற்றவை முழுகின. பொருள் சொல்வது பிறகு வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

படம் எடுப்பவர் முகத்தை விட்டுவிட்டு முதுகுத் துடுப்பை எடுக்க வேண்டும், பக்கவாட்டில், வெயில் பின்னாலிருந்து விழும்படி. துடுப்பின் பின் ஓரத்தில் இருக்கும் வெட்டும் கீறலும்தான் டால்பினின் அடையாள அட்டை. புளோரிடாவின் சரசோட்டா விரிகுடாவில் 1970-லிருந்து தொடர்ந்து நடக்கும் ஆய்வில், டால்பின்களைத் தலைமுறை தலைமுறையாக ஒவ்வொன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். யாருக்கு யார் அம்மா என்பது வரை தெரியும், அதனால்தான் அங்கிருந்து வரும் முடிவுகளுக்கு அவ்வளவு கனம்.

50 மீட்டருக்குள் படகை விடாதீர்கள். முன்னால் போய் மறிக்காதீர்கள். பதிவு செய்யும்போது எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா மிதங்கள். மலேசியாவில் கடல் பாலூட்டிகள் 1999-இல் வந்த மீன்வள விதிமுறைகளின்படி பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் தொந்தரவு செய்வதும் குற்றம், ஆய்வு என்று முறையாக இறங்கினால் அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

பேசியது யார்: ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கும் வழிகள்

சரி, முதல் கேள்விக்கு வருவோம். ஒரு வழி, ஒன்றுக்கு மேற்பட்ட ஹைட்ரோஃபோன்கள். மூன்று மீட்டர் இடைவெளியில் இரண்டை இறக்கினால், ஒரே சத்தம் இரண்டையும் எட்டும் நேர வித்தியாசம் அதிகபட்சம் 2 மில்லி நொடி. அந்தச் சின்ன வித்தியாசத்தை அளந்தால் சத்தம் எந்தக் கோணத்திலிருந்து வந்தது என்று தெரியும், மூன்று நான்கு கருவிகளை வைத்தால் இடமே தெரியும். இதற்கு பாம்கார்டு என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஆனால் ஆடாசிட்டி கைவந்த பிறகு அதைத் தொடுங்கள்.

இன்னொரு வழி, உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணத்தால் உடம்பில் ஒட்டும் ஒலிப்பதிவுக் கருவி. சில மணி நேரம் கழித்துத் தானாகக் கழன்று மிதக்கும், தேடி எடுத்துக்கொள்வார்கள். சரசோட்டாவில் உடல்நலப் பரிசோதனைக்காக டால்பின்களைக் கொஞ்ச நேரம் ஆழமில்லாத இடத்தில் பிடித்து வைக்கும்போது, நெற்றியிலேயே ஹைட்ரோஃபோனை ஒட்டிப் பதிவு செய்கிறார்கள். அப்போது பேசியது யார் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

இந்த வேலையெல்லாம் எதற்கு என்றால், 1965-இல் மெல்பா கால்டுவெல், டேவிட் கால்டுவெல் தம்பதி ஒன்றைக் கவனித்தார்கள். ஒவ்வொரு பாட்டில்மூக்கு டால்பினும் தனக்கென்று ஒரு சீழ்க்கை வடிவத்தை வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப அடிக்கிறது. கையொப்பச் சீழ்க்கை என்று அதற்குப் பெயர். குட்டி வளரும்போது தானே உருவாக்கிக்கொள்ளும் பெயர் மாதிரி என்று சொல்லலாம். கடலில் சுதந்திரமாகத் திரியும் கூட்டத்திலும் இதைப் பிரித்தெடுக்க ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள்: ஒரே வடிவம் குறைந்தது நான்கு தடவை வர வேண்டும், அவற்றில் 75 விழுக்காடாவது அதே வடிவத்தின் இன்னொரு சீழ்க்கையிலிருந்து 1 முதல் 10 நொடிக்குள் வர வேண்டும். புதியவர்கள் வீட்டிலிருந்தே செய்து பார்க்கக் கூடிய மிக நல்ல பயிற்சி இது. பதிவிலிருந்து சீழ்க்கைப் படங்களை வெட்டி அச்செடுத்து, தரையில் பரப்பி, ஒரே மாதிரி இருப்பவற்றை அடுக்குங்கள். கூட இருக்கும் ஒருவரையும் தனியாக அடுக்கச் சொல்லி, இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்று பாருங்கள். கண்ணால் அடுக்குவதா என்று நினைக்க வேண்டாம், பல ஆய்வுகளில் இன்றும் மனிதக் கண்தான் நடுவர்.

பொருள் இருக்கிறதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்

பதிவை எத்தனை ஆண்டு பார்த்தாலும் அனுமானம்தான் கிடைக்கும். உறுதி செய்ய, சத்தத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டி எதிர்வினையைப் பார்க்க வேண்டும். 2006-இல் வின்சென்ட் ஜானிக், லேலா சாயிக், ரேண்டல் வெல்ஸ் மூவரும் சீழ்க்கையின் குரல் தன்மையை எல்லாம் நீக்கிவிட்டு, வளைவை மட்டும் கணினியில் செயற்கையாக உருவாக்கிப் போட்டார்கள். அப்போதும் டால்பின்கள் தங்கள் நெருங்கிய உறவினரின் சீழ்க்கை வந்த பக்கமே அதிகம் திரும்பின. அதாவது அடையாளம் குரலில் மட்டும் இல்லை, வடிவத்திலேயே இருக்கிறது. நம்மை அம்மா கூப்பிட்டாலும் அடுத்த வீட்டு அக்கா கூப்பிட்டாலும் பெயர் பெயர்தான் இல்லையா, அது போல. 2013-இல் ஸ்டெஃபனி கிங்கும் ஜானிக்கும் ஸ்காட்லாந்துக் கடலில், ஒரு டால்பினின் சொந்தச் சீழ்க்கையின் நகலை அதற்கே போட்டுக் காட்டினார்கள், அது பதில் கொடுத்தது. வேறு டால்பின்களின் சீழ்க்கைக்கு அப்படிப் பதில் வரவில்லை. அதே ஆண்டு ஜேசன் புரூக் வெளியிட்ட ஆய்வில், 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்திருந்த தோழியின் சீழ்க்கையைக்கூட ஒரு டால்பின் நினைவில் வைத்திருந்தது தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2023-இல் வந்த ஒன்று. சரசோட்டாவில் 19 தாய் டால்பின்களின் கையொப்பச் சீழ்க்கையை, குட்டி பக்கத்தில் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒப்பிட்டார்கள். குட்டி இருக்கும்போது அதே சீழ்க்கை இன்னும் உயர்ந்த சுருதிக்குப் போகிறது, ஏற்ற இறக்கம் விரிகிறது. கைக்குழந்தையிடம் நாம் குரலை உயர்த்தி இழுத்துப் பேசுவோமே, கிட்டத்தட்ட அது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பதிவுகளும், ஒவ்வொன்றிலும் யார், எப்போது, பக்கத்தில் குட்டி உண்டா என்ற குறிப்பும் இருந்ததால்தான் அந்த ஆய்வே சாத்தியமானது.

ஒலிபெருக்கியை இறக்கிச் சத்தம் போட்டுக் காட்டும் சோதனையை நீங்களாகச் செய்யாதீர்கள். அனுமதியும் அனுபவமும் உள்ள குழுவோடு மட்டும்.

மொழி என்ற சொல்லையும் அவசரப்பட்டுப் பயன்படுத்தாதீர்கள். 1965-இல் ஜான் லில்லியின் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் என்ற டால்பினுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கப் பல வாரங்கள் முயன்றார்கள், அது கைகூடவில்லை. டால்பின் எப்படிப் பேசுகிறது என்று கேட்காமல் நம்மைப் போலப் பேசவைக்கப் பார்த்தது அடிப்படையிலேயே பிசகு என்பது என் கருத்து. பின்னால் ஹவாயில் லூயிஸ் ஹெர்மன், அகேயகமாய் என்ற டால்பினுக்குக் கைச்சைகைகளைக் கற்றுக்கொடுத்து, ‘இதை அதனிடம் கொண்டு போ’ என்பதற்கும் ‘அதை இதனிடம் கொண்டு போ’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அதற்குப் புரிகிறது என்று காட்டினார். நாம் சொல்வது அதற்குப் புரிகிறது என்பது வேறு, அவற்றுக்குள் ஒரு மொழி இருக்கிறது என்பது வேறு.

2025 ஏப்ரலில் டால்பின்ஜெம்மா என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி அறிவிக்கப்பட்டதும் ‘டால்பின் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது’ என்று புலனக் குழுக்களில் செய்தி ஓடியது. அப்படி இல்லை. டெனிஸ் ஹெர்சிங் 1985-லிருந்து பஹாமாஸ் கடலில் புள்ளி டால்பின்களைப் பதிவு செய்து வருகிறார், அந்தப் பதிவுகளைக் கொண்டு பழக்கப்பட்ட மாதிரி அது. ஒரு சத்தத்துக்குப் பின் எந்தச் சத்தம் வரும் என்று கணிக்கிறது, திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளைக் காட்டுகிறது. பொருளைச் சொல்வதில்லை. பொருளைத் தேட, அவர்கள் நாற்பது ஆண்டுகளாக எழுதிவைத்த குறிப்பேடுகளைத்தான் திறந்தாக வேண்டும்.

இந்த வாரமே தொடங்க

டால்பின் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கரையில் ஏதாவது ஒரு படகுத்துறையில் அனுமதி கேட்டு ஹைட்ரோஃபோனை இறக்கி, படகோ கப்பலோ கடந்து போகும்போது கடலுக்குள் சத்தம் எப்படி மாறுகிறது என்று பதிவு செய்யுங்கள். தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே ஃபெர்ரியும் சரக்குக் கப்பல்களும் ஓடும் நீரிணை நமக்கு இருக்கிறது. ஒரு எஞ்சின் நெருங்கும்போது ஸ்பெக்ட்ரோகிராமின் அடிப்பகுதி எப்படி நிரம்பி மேலே ஏறுகிறது என்று பார்த்தால், சீழ்க்கை அடித்துக் கூப்பிடும் உயிருக்கு அது என்ன செய்யும் என்பது சொல்லாமலே விளங்கும்.

படிக்க விரும்பினால் தெலுக் பஹாங்கில், பினாங்கு தேசியப் பூங்காவுக்குள், யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் கடல் மற்றும் கடலோர ஆய்வு மையம் இருக்கிறது. திரெங்கானுவில் யு.எம்.டி. பல்கலைக்கழகம் கடல் உயிரியல் பட்டப்படிப்பை நடத்துகிறது. எங்கே சேர்ந்தாலும் அதற்குள் நீச்சலும் கொஞ்சம் புள்ளியியலும் கற்றுக்கொள்ளுங்கள்.

மீனவர்களிடம் பேசுங்கள். காலையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, “பாக்சிக், லும்பா-லும்பா அடா?” (மாமா, டால்பின் இருக்கிறதா?) என்று மலாயில் கேட்டாலே போதும். இழுவைப் படகுக்குப் பின்னால் எப்போது வரும், எந்தக் கழிமுகத்தில் எந்த நீரோட்டத்தில் மேயும், குட்டியோடு கடைசியாகப் பார்த்தது எப்போது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள், தேதியோடு.